2023இன் படங்கள், ஒரு வருடம் தாமதமாக: உங்களுக்கு எது மிஞ்சியது?

மூன்றாம் வரிசை எழுதியது:

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எல்லோரும் அந்த வருடத்தின் பத்துப் படங்களை வரிசைப்படுத்திவிடுவார்கள். நான் ஒரு வருடம் பொறுத்துத்தான் போடுவேன். சோம்பல் ஒரு காரணம். பல வெளிநாட்டுப் படங்கள் கைக்கு எட்டவே அடுத்த வருடம் ஆகிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். ஆகவே இது 2024 டிசம்பரில் எழுதும் 2023ஆம் ஆண்டின் பட்டியல். கதை முடிச்சுகளைத் தொட்டுத்தான் பேசப்போகிறேன். படங்களைப் பார்க்காதவர்கள் இத்துடன் திரும்பிவிடலாம், வருத்தமில்லை.

என்னிடம் ஒரு நீளக் குறிப்பேடு இருக்கிறது. படம் பார்த்த இரவே பெயர், பத்துக்கு எத்தனை மதிப்பெண், கூடவே ஒரே ஒரு வரி. பேனாவில்தான் எழுதுவேன், மறுநாள் திருத்தமாட்டேன். சென்ற வாரம் 2023இல் வெளியானவற்றை மட்டும் தனியே குறித்தேன். 61 படங்கள். மதிப்பெண் பத்தியை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு, பெயரை மட்டும் படித்து, கண்ணை மூடினால் என்ன வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கொடுத்தேன். 23 படங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தால் அவற்றில் ஒன்றுக்கு எட்டரை போட்டிருக்கிறேன். பக்கத்தில் ‘அபாரம்’ என்று வேறு எழுதியிருக்கிறேன். எது அபாரம் என்று எழுதித் தொலைக்கவில்லை.

மறுபக்கம், ஜப்பானிய இயக்குநர் கோரே-எடாவின் ‘மான்ஸ்டர்’. அன்றிரவு போட்டது ஆறு. என் வரி: ‘மூன்று முறை ஒரே கதை, சாமர்த்தியம் அதிகம்.’ கான் விழாவில் திரைக்கதைக்கு விருது வாங்கிய படத்துக்கு இப்படி எழுதிய என் தைரியத்தை நானே மெச்சிக்கொள்கிறேன். இன்று பெயரைப் படித்த மறுகணமே வந்தது ஒரு ஊதல். ஆசிரியர் ஹோரி பள்ளிக்கூடத்தின் கூரையில், விளிம்புக்கு அருகில் நிற்கிறார். எங்கிருந்தோ கரகரப்பாக, சுருதி சேராமல், ஏதோ விலங்கு செருமுவது போல ஒரு சத்தம் எழுகிறது. அவர் நின்றுவிடுகிறார். நமக்கும் அது என்னவென்று தெரியாது. கடைசிப் பகுதியில்தான் தெரிகிறது: கீழே இசை அறையில் தலைமையாசிரியையும் சிறுவன் மினாட்டோவும் ஆளுக்கொரு பித்தளை ஊதுகருவியை வாயில் வைத்து, வெளியே சொல்ல முடியாததை எல்லாம் ஊதித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மேலே ஒரு மனிதன் உயிர் பிழைத்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சாமர்த்தியம் என்று நான் எழுதியது இதைத்தான். ஒரு வருடம் கழித்து அந்தச் சொல் எனக்கே கூசுகிறது. ரியுயிச்சி சகாமோட்டோ கடைசியாக இசை தந்த படம் இது. 2023 மார்ச்சில் அவர் காலமானார், படம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு மிஞ்சியது அவருடைய பியானோ கூட இல்லை, அந்த அபஸ்வரம்.

அடுத்தது கிளேஸரின் ‘தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’. அன்று ஏழு. ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதி ருடால்ஃப் ஹெஸ் குடும்பம் முகாம் மதிலை ஒட்டிய வீட்டில் பூச்செடி வளர்க்கிறது. வீட்டுக்குள் பல கேமராக்களை மறைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டு, படக்குழுவை வெளியே வைத்து எடுத்திருக்கிறார்கள். அதனால் நடிகர்கள் நம் கண்ணுக்கு நடிப்பதில்லை, சும்மா வசிக்கிறார்கள். மதிலுக்கு அப்பால் நடக்கும் கொலைகளைப் படம் காட்டுவதில்லை. காதில் மட்டும் விழுகிறது. ஜானி பர்ன் என்ற ஒலி வடிவமைப்பாளர் இதற்கென்றே நெடுங்காலம் ஒலிகளைத் திரட்டியிருக்கிறார். சிறந்த ஒலிக்கான ஆஸ்கரும் கிடைத்தது. நான் முதலில் பார்த்தபோது, குழந்தை அழுகிறதா, ரயிலா, யாராவது அலறுகிறார்களா என்று பிரிக்க முடியாமல் திணறினேன். இருபது நிமிடம் கழித்துத் திணறல் நின்றுவிட்டது. கேட்காமல் இருக்கப் பழகிவிட்டேன். படம் என்னை அந்த வீட்டு ஆளாக்கிவிட்டது என்று உறைத்தபோது பாதிப் படம் முடிந்திருந்தது.

‘நண்பகல் நேரத்து மயக்கம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இங்கே பலமுறை பேசியாயிற்று. தேனி ஈஸ்வரின் கேமரா அசையாமல் உட்கார்ந்திருக்க, தொலைக்காட்சியிலும் ஒலிபெருக்கியிலும் பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் ஓயாமல் ஓடுகின்றன. பின்னணி இசை செய்ய வேண்டிய வேலையை அவையே செய்துவிடுகின்றன. என் கண்ணை மூடினால் வருவது மம்மூட்டி கூட அல்ல, பார்வையற்ற அந்தத் தாய். முன்பின் தெரியாத ஒருவன் அவள் மகனாகவே நடந்துகொள்ள, ஊர் முழுக்க ‘யார் இந்த ஆள்’ என்று திகைத்து நிற்க, அவள் மட்டும் பேச்சைக் கேட்டுவிட்டு மகன் வந்துவிட்டான் என்று இருக்கிறாள்.

பிறகு ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’. மேல்மாடியில் கணவன் உரக்க வைக்கும் அந்த உலோகத் தாளப் பாட்டு ஒன்றே போதும், அந்தக் கல்யாணம் எந்த நிலையில் இருக்கிறது என்று புரிந்துவிடும். கணவன் இறந்த வழக்கில், நீதிமன்றத்தில் தம்பதியின் சண்டை ஒலிப்பதிவைப் போடும்போது இயக்குநர் ட்ரியே முதலில் நமக்குச் சண்டையைக் காட்டுகிறார். கைகலப்பு தொடங்கும் இடத்தில் காட்சியைப் பிடுங்கிக்கொண்டு சத்தத்தை மட்டும் விட்டுவிடுகிறார். யார் யாரை அடித்தார்கள்? நாமும் நடுவர் நாற்காலியில்.

ஐந்தாவது, கவுரிஸ்மாக்கியின் ‘ஃபாலன் லீவ்ஸ்’. 81 நிமிடம்தான். கதாநாயகி எப்போது வானொலியைத் திருகினாலும் உக்ரைன் போர்ச் செய்தி.

இப்போது வில்லங்கம். ‘ஓப்பன்ஹைமர்’. அன்று ஒன்பது. இன்று கண்ணை மூடினால் கிலியன் மர்ஃபியின் தொப்பி, அவ்வளவுதான். மூன்று மணி நேரப் படத்தில் ஒரு தொப்பி!

பட்டியலைப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். எனக்கு மிஞ்சியவை ஐந்துமே காது வழியாக மிஞ்சியவை. நான் சங்கீதக்காரன் அல்ல. வீட்டில் அழைப்பு மணி அடித்தால் கூட எனக்குக் கேட்காது என்பது குடும்பத்தார் புகார். அப்படியிருக்க ஏன் இப்படி? உங்களுக்கு அந்த வருடத்தில் எது மிஞ்சியது, எதன் வழியாக மிஞ்சியது? மதிப்பெண் வேண்டாம், அட்டையால் மூடிக்கொண்டு சொல்லுங்கள்.

---

பழைய ரீல் எழுதியது:

மூன்றாம் வரிசை, தொப்பிதான் மிஞ்சியது என்றால் உங்கள் நினைவாற்றல் மீது வழக்குத் தொடர வேண்டும், இயக்குநர் நோலன் மீது அல்ல.

காது வழியாக மிஞ்சியவை என்று ஐந்து எழுதிவிட்டு, அந்த வருடத்தின் மிகப் பெரிய மௌனத்தை விட்டுவிட்டீர்கள். 1945 ஜூலை 16, ட்ரினிட்டி என்ற முதல் அணுகுண்டுச் சோதனை. வெளிச்சம் வருகிறது, சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. இது இயக்குநரின் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓப்பன்ஹைமர் இருந்த பதுங்கிடம் வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தெற்கே. ஒலி ஒரு நொடியில் போகும் தூரம் ஏறத்தாழ 340 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒளி உடனே வந்துவிடும், ஓசை வரக் கிட்டத்தட்ட அரை நிமிடம் ஆகும். படம் அதை இன்னும் நீட்டுகிறது, அது இயக்குநரின் உரிமை. அந்த இடைவெளியில் அங்கிருப்பவர்களுக்கு அது வெறும் அழகான வெளிச்சம். அழகு என்று நினைத்து முடிக்கும்போது இடி வந்து அறைகிறது.

அதைவிட முக்கியம் கால்கள். படத்தின் முற்பகுதியிலேயே ஒரு தடதடப்பு வந்துவந்து போகும், நூற்றுக்கணக்கானோர் தரையை உதைப்பது போல. எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு ஓப்பன்ஹைமர் அணுகுண்டு உருவான லாஸ் அலமாஸில் பேசப் போகிறாரே, அந்தக் கூட்டத்தில்தான் தெரியும்: அவரை வரவேற்று மரப்பலகையில் கால்களை உதைக்கிறது கூட்டம். அதுவரை நாம் கேட்டதெல்லாம் அந்தக் கைதட்டல்தான், அவர் தலைக்குள் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதைத்தானே ‘மான்ஸ்டர்’ செய்தது என்று கண் கலங்கினீர்கள்? முதலில் சத்தம், பிறகு அதன் முகவரி. ஜப்பானியர் செய்தால் கவிதை, ஹாலிவுட் செய்தால் தொப்பியா?

என் பட்டியலையும் வைக்கிறேன். முதலிடம் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்’. 206 நிமிடம் என்று முணுமுணுத்தவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அமெரிக்கப் பழங்குடியினரான ஓசேஜ் மக்களைக் கொன்று எண்ணெய்ச் சொத்தைப் பறித்த கதையின் முடிவை ஒரு வானொலி நாடகமாக மேடையில் நடத்துகிறார்கள். ஒலிக் கலைஞர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சத்தம் எழுப்புகிறார்கள், பார்வையாளர்கள் ரசிக்கிறார்கள். அப்போது இயக்குநர் ஸ்கோர்செஸியே மேடைக்கு வந்து, கதையின் நாயகியான ஓசேஜ் பெண் மோலியின் இறப்புக் குறிப்பைப் படிக்கிறார். அதில் கொலைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. எண்பது வயதில் ஒருவர் தன் தொழிலையே கூண்டில் ஏற்றிவிட்டு, சாட்சியாகவும் தானே வந்து நிற்கிறார்.

---

இடைவேளை எழுதியது:

ஒரு வருடம் கழித்து எது நினைவிருக்கிறதோ அதுதான் நல்ல படம் என்பதை நான் ஏற்கமாட்டேன். அன்றிரவு வயிறு குலுங்கச் சிரித்ததும் உண்மைதான், மறந்துபோனதால் அது பொய்யாகிவிடாது. உங்கள் முறையில் நகைச்சுவைப் படம் ஒன்று கூடத் தேறாது, பார்த்தீர்களா? துக்கப் படங்களுக்கு மட்டும் ஒட்டுகிற பசை அது.

அந்த எட்டரை எந்தப் படம் என்று சொல்லுங்கள். அதைத்தான் பார்க்க வேண்டும்.

---

அடிவரி எழுதியது:

நான் இங்கே பெரும்பாலும் படிப்பதோடு சரி. இந்தக் கேள்வி என்னை எழுத வைத்துவிட்டது.

எனக்கு இடது காது கேட்காது. வலது காதில் கருவி வைத்தால் தாளமும் அதிர்வும் கிடைக்கும், சொற்கள் பிரியாது. ஆகவே படங்களை அடிவரியில் பார்க்கிறேன். வசனம் மட்டும் போடும் அடிவரி இல்லை, ‘கதவு சாத்தும் ஓசை’, ‘தொலைவில் கூச்சல்’ என்று சத்தங்களையும் சேர்த்துப் போடும் அடிவரி.

‘தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’டில் குழந்தையா ரயிலா அலறலா என்று திணறியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தத் திணறல் கொடுத்துவைக்கவில்லை. கீழே ஒரு வரி வந்து இன்னதென்று சொல்லிவிடுகிறது. உங்களுக்கு வந்தது சந்தேகம், எனக்கு வந்தது தீர்ப்பு. கேட்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்கிறீர்கள். எழுத்தில் வந்ததைப் படிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. எனவே நான் ஒரு கணம் கூட அந்த வீட்டு ஆளாகவில்லை. இது எனக்கு நஷ்டமா லாபமா என்று இன்னும் முடிவுசெய்ய முடியவில்லை.

ஆனால் நீங்கள் விட்டுவிட்ட ஒருத்தி எனக்கு மிஞ்சியிருக்கிறாள். தளபதியின் மனைவி ஹெட்விக்கின் அம்மா. மகளின் தோட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் வந்தவள். இரவில் சன்னலில் ஒரு சிவந்த வெளிச்சம். மறுநாள் படுக்கை காலி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறாள். ஒரு கடிதம் வைத்திருக்கிறாள், மகள் அதைப் படித்துவிட்டு அடுப்பில் போடுகிறாள். என்ன எழுதியிருந்தாள் என்று நமக்குக் காட்டுவதில்லை. உங்கள் எல்லோருக்கும் இது சத்தத்தின் படம். எனக்கு இது அந்தச் சன்னலின் படம்.

அடுத்தது ‘பெர்ஃபெக்ட் டேய்ஸ்’. காது கேட்காதவளுக்குக் கேசட் பாட்டுகள் நிறைந்த படமா என்று கேட்காதீர்கள். டோக்கியோவின் பொதுக் கழிப்பறைகளைத் துடைக்கும் ஹிராயாமா அதிகம் பேசமாட்டான். அவன் பேசாமல் இருப்பதை யாரும் குறையாக எழுதவில்லை. அவனாக நடித்த யகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதே கொடுத்தார்கள். நான் பேசாமல் இருந்தால் மட்டும் ஏன் எல்லோரும் உரத்துக் கத்திப் பேசுகிறார்கள்? கிடக்கட்டும். கடைசிக் காட்சியில் வண்டி ஓட்டிக்கொண்டே அவன் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே போய்வருகிறது. பாட்டு வரிகள் திரையின் கீழே ஓடின. முதல் தடவை முகத்தைப் பார்ப்பதா வரியைப் படிப்பதா என்று அலைந்து இரண்டையும் கோட்டைவிட்டேன். இரண்டாம் தடவை அடிவரியை அணைத்துவிட்டேன். அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாமலே அந்தப் படம் எனக்கு முழுமையாகக் கிடைத்தது.

‘பாஸ்ட் லைவ்ஸ்’ கடைசியில் இருவரும் வண்டிக்காகத் தெருவில் நிற்பார்கள். பேச்சில்லை. அந்த நேரத்தில் நீங்களும் நானும் சமம். அதற்காகவே அதை மூன்றாவதாக வைக்கிறேன்.

உங்கள் ஊதல் எனக்கு நினைவில்லை, மூன்றாம் வரிசை. கூரைக் காட்சியில் அவர் நின்றதும் திரும்பியதும் நினைவிருக்கிறது. ஏன் திரும்பினார் என்பதை வரியாகப் படித்திருப்பேன், படித்ததும் கடந்திருப்பேன்.

---

மூன்றாம் வரிசை எழுதியது:

மூன்று பேருக்கும் தனித்தனியே கடன்பட்டிருக்கிறேன்.

இடைவேளை: எட்டரை எந்தப் படம் என்று சொல்லமாட்டேன். நகைச்சுவைப் படம்தான் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பசை பற்றிச் சொன்னீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய ரீல்: சனிக்கிழமை ‘ஓப்பன்ஹைமர்’ மறுபடி பார்த்தேன். உங்களைத் தவறென்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். கால்கள் இருக்கின்றன. முதல் தடவை அதை நான் இசை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். லுட்விக் யோரன்சனின் இசை அந்தப் படத்தில் மூச்சு விடாமல் ஓடுவதால், எது இசை, எது அவர் தலைக்குள் கேட்பது என்று நான் பிரித்தே பார்க்கவில்லை. ‘மான்ஸ்டர்’ சுற்றிலும் அமைதியாக இருந்து ஊதலுக்கு இடம் விட்டது. நோலன் சத்தக் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டார். எனக்கு இன்னமும் ‘மான்ஸ்டர்’ செய்த விதம்தான் பிடித்திருக்கிறது, ஆனால் தொப்பி வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஸ்கோர்செஸி பற்றி எழுதியதற்கு நன்றி. அந்தக் கடைசிக் காட்சியை அன்று நான் ‘விளையாட்டுத்தனம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். குறிப்பேட்டைக் கொளுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அடிவரி: உங்கள் பதிலைப் படித்துவிட்டு ‘தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’டை ஒலியை முழுவதும் அணைத்து, சத்தங்களையும் எழுதும் அடிவரியோடு பார்த்தேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. ஒலியோடு இரண்டு முறை முழுதாகப் பார்த்தவன் நான். தோட்டத்து மண்ணில் ஒருவன் சாம்பலைத் தூவுகிறானே, அதை இரண்டு முறையும் உரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். சத்தம் இல்லாதபோதுதான் கண் அங்கே போனது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கர்வத்தில் கண்ணை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் போலும்.

குறிப்பேட்டில் ‘ஓப்பன்ஹைமர்’ பக்கத்தில் இருக்கும் ஒன்பது அப்படியே இருக்கிறது. அதன் அருகில் ‘கால்கள்’ என்று சிறியதாக எழுதினேன். ‘ஜோன்’ வரிசையில் ‘சன்னல், சாம்பல்’. மறுநாள் தொடக் கூடாது என்ற விதியை முதன்முதலாக மீறியிருக்கிறேன். கை கொஞ்சம் நடுங்கியது, சிரிக்காதீர்கள்.

---

பழைய ரீல் எழுதியது:

வழக்கு வாபஸ்.

---

அடிவரி எழுதியது:

நானும் ஒன்று செய்தேன். ‘மான்ஸ்டர்’ கூரைக் காட்சியை மட்டும் போட்டு, அடிவரியை அணைத்துவிட்டு, ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். வந்தது. விட்டுவிட்டு வந்தது. கரகரப்பு என்று எழுதியிருந்தீர்கள், என் கைக்கு அது படுத்திருக்கும் மாடு மூச்சு விடுவது போல இருந்தது.

நாலாவது இடம் காலியாக வைத்திருந்தேன். அங்கே போட்டுவிட்டேன்.